அவன் வாசிக்கிற இடம்

எழுபத்தேழில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் அம்மா, அண்ணன், நான் மூவரும் கண்டிப் பக்கமிருந்து லொறியில் வடக்கே விசுவமடுவுக்கு வந்து சேர்ந்தோம். அதற்கு முன் அண்ணன் ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் அடித்தான். ஹோட்டல் நடனங்களில் அவர்கள் வாசித்ததெல்லாம் ஒரே அமெரிக்கக் குழுவின் பாட்டுகள். ஃபங்க், ரொக், சோல் மூன்றையும் கலந்து அடித்த குழு அது. அவர்களுடைய ஹிட் பாட்டுகளைக் கேட்டால் காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. அண்ணனின் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் அவனுடைய சிங்களக் கூட்டாளி. எங்களை மூன்று நாள் தன் வீட்டில் ஒளித்து வைத்து, லொறி பிடித்து ஏற்றிவிட்டவரும் அவர்தான்.

விசுவமடுவில் காடு வெட்டி மிளகாய் நட்டோம். மத்தியானம் கிணற்றடியில் இளைப்பாறும்போது அண்ணன் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அந்தப் பாட்டுகளை அடிப்பான். நடுவில் திடீரென்று கை நின்றுவிடும். சற்று நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு தொடங்குவான்.

“ஏன் அண்ணே நிறுத்துற?”

“அது அவன் வாசிக்கிற இடம்.”

பக்கத்துக் காணிக்காரர் ஒருநாள் வேலியருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “தம்பி, நீர் நிப்பாட்டேக்க வேற ஆரோ வாசிக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். அன்றிலிருந்து எனக்கும் அந்த இடைவெளியில் ஏதோ கேட்கத் தொடங்கியது. அண்ணன் தகரத்தைக் கவிழ்த்தாலே குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகிப் போய்விடுவேன்.

கூட்டாளியின் கடிதங்கள் ஆரம்பத்தில் ஒழுங்காக வந்தன. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு குறைந்தன. பின்னர் நின்றே போயின.

எண்பத்தொன்பதில் அவருடைய தாயாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உறை பல கை மாறி அழுக்காகியிருந்தது. சிங்களம் வாசிக்க அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். வாசித்துவிட்டு மடித்தான். மறுபடி விரித்தான்.

“என்னவாம்?” என்று அம்மா கேட்டார்.

“யாரோ வந்து அவன ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம். மூணு மாசமா தகவல் இல்ல. தப்பிச்சு நம்மகிட்ட வந்துட்டானான்னு கேக்குறாங்க.”

அந்த நாட்களில் தெற்கில் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியை அரசு ஒடுக்கிக்கொண்டிருந்தது; அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் திரும்புவதில்லை என்று நாங்களும் கேள்விப்பட்டிருந்தோம்.

“வரலன்னு எழுதிடு,” என்றார் அம்மா. “பாவம், காத்துக்கிட்டு இருப்பாங்க.”

அண்ணன் இரண்டு நாள் கடதாசியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நாலே வரி எழுதி ஒட்டினான். என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

“இன்னும் வரலன்னு எழுதியிருக்கேன்.”

அதன்பிறகு, தெற்கிலிருந்து வருபவர்கள் மாறி ஏறும் பரந்தன் பக்கமிருந்து பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அண்ணன் வேலையை விட்டுத் தலைதூக்கிப் பார்ப்பான். அம்மாவும் பார்ப்பார். நானும் பார்த்தேன். எல்லோரும் இறங்கி, பஸ் புறப்பட்டுப் போன பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.