பாலோடு போன கோப்பி

மூத்த மகள் பிறந்த நாற்பத்தைந்தாம் நாளே நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளி. ஒரே கூடத்தில் ஐந்து வகுப்பு. டீச்சர் நான் ஒருத்திதான். தகரக் கூரையில் மழை கொட்டினால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். என்னை நிமிர்த்தி வைத்திருந்தது கோப்பிதான். சுற்றிலும் தேயிலை, எனக்கோ தேத்தண்ணி இறங்காது. வீட்டுக்குப் பின்னால் நின்ற கோப்பிச் செடிகளில் பழம் பறித்துக் காயவைத்து, கருக வறுத்து, இடித்து டின்னில் வைத்திருப்பேன். பால் கலந்தால் பிடிக்காது.

பிள்ளை தூங்கவே மாட்டாள். பால் குடித்த கையோடு கண்ணை அகல விழித்துக்கொண்டு கைகாலை உதறுவாள். பிறகு வீறிட்டு அழுவாள். பகலில் அவளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா மிளகாய் சுற்றிப் போட்டாள், கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள்.

"கண்ணு பட்டிருச்சுங்க டீச்சர். இப்படித் தூங்காத புள்ளைய நான் பாத்ததே இல்ல."

நானும் நம்பினேன். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் மனைவி மேல்தான் என் சந்தேகம். தூக்கமில்லாமல் தலை சுற்றும். இன்னொரு கோப்பி போட்டுக் குடிப்பேன்.

மூன்றாம் மாதம் பிள்ளை மெலியத் தொடங்கியதும், தோட்ட ஆபீசில் கிளார்க்காக இருந்த என் கணவர் லீவு போட்டுவிட்டு எங்களை பஸ்ஸில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நோயும் இல்லை என்றார். அவளுக்குச் சட்டையை மாட்டிவிட்ட என் விரல்கள் நடுங்குவதை அப்போதுதான் கவனித்தார்போல. என் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறேல்லையோ?"

"படபடக்கும்ங்க. ஸ்கூல் வேலைனாலனு நெனச்சேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி குடிக்கிறனீங்கள்?"

நாலு என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் முந்திக்கொண்டார். "எட்டு ஒம்பது இருக்குமுங்க. சோறு இல்லாம இருப்பா, கோப்பி இல்லாம இருக்கமாட்டா."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுதான் பிள்ளை நித்திரை கொள்ளுதில்லை. நீங்கள் குடிக்கிற கோப்பி பாலோடை அதுக்கும் போகுது. உங்களுக்குச் சில மணித்தியாலத்திலை அடங்கிவிடும். இந்தச் சின்ன உடம்பிலை நாள்கணக்கா நிக்கும்."

மடியில் கிடந்தவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் என் பிள்ளைக்கு நானே கோப்பி புகட்டியிருக்கிறேன்! கண் வைத்தது கங்காணி மனைவிதான் என்று நினைத்து, அவள் கைநீட்டியபோது பிள்ளையைத் தராமல் உள்ளே போனவள் நான். அந்த முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"இனிமே தொடவே மாட்டேங்க," என்றேன்.

"ஒரேயடியா விட்டால் தலையிடி தாங்கமாட்டியள். ஒவ்வொண்டாக் குறையுங்கோ. வெறும் வயித்திலை வேண்டாம். காலமை சாப்பிட்ட பிறகு ஒண்டு, பாலும் விட்டு. மத்தியானத்துக்குப் பிறகு தொடாதேங்கோ."

குறைத்தும் தலை வெடித்தது. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினேன். எரிச்சலில் கரும்பலகையைப் பார்த்துக்கூட ஏசினேன். ஒரு வாரத்தில் அது விட்டது. கை நடுக்கமும் நின்றது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்தேன். வாசலில் அழுகைச் சத்தம் இல்லை. உள்ளே ஓடினேன். தொட்டிலில் அசையாமல் கிடந்தாள். மூக்கின் கீழ் விரல் வைத்தேன்; என் பதற்றத்தில் மூச்சு தெரியவில்லை. அள்ளி எடுத்து உலுக்கிவிட்டேன். சிணுங்கிக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

அடுப்படியிலிருந்து அக்கா ஓடி வந்தாள்.

"என்னங்க டீச்சர், இப்பதான் அசந்து தூங்குச்சு. அதப் போயி எழுப்பிட்டீங்களே!"

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் கழுத்தில் சாய்ந்து கனத்தது.