கல்லின் முதுகு

அன்று கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள். மாஷி, இரவல் வாங்கிய சக்கர நாற்காலியில். பாதிரியார், குடையோடு. தோட்டக்காரர், மண்வெட்டியோடு. டாக்ஸி ஓட்டி வந்தவர், போகச் சொல்லியும் போகாமல். என் வீட்டுக்காரர், கேட்டுக்கு வெளியே. நான். ஓர் ஆடும் இருந்தது. அது எப்போதும் அங்கேதான்.

மாஷி எங்களுக்குச் சொந்தம் இல்லை. லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் மாடியில் எதிர் வீடு. வங்காளிக் கிறிஸ்தவர். எண்பது வயது இருக்கும். கணவர் இல்லை. மகன் பெங்களூரில். இங்கே வயதான பெண்களை மாஷி என்று கூப்பிடுவார்கள், நாம் சித்தி என்பது மாதிரி. அவர் என்னை பௌமா என்பார். மருமகள் என்று அர்த்தம்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. இப்போது பென்ஷன். நான் வங்காளம் பேசுவேன். அவர்கள் சிரிக்கிற மாதிரிப் பேசுவேன். அந்தச் சிரிப்பில்தான் இது ஆரம்பித்தது.

அப்போது ஹவுராவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சமைக்கப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஆற்றங்கரை. அங்கிருந்து படகு. அப்புறம் நடை. நடக்கிற வழியில் மாஷியின் சர்ச். கல்யாணமானதிலிருந்து அவர் போன சர்ச். முழங்கால் விட்டுப்போனதும் போக முடியவில்லை. ஒரு நாள் நான் கிளம்பும்போது கதவைத் திறந்து சொன்னார்.

"பௌமா, அந்த வழியாத்தானே போறே. உள்ளே போய் ஒரு கொபோர் கொண்டுவாயேன்."

வங்காள மொழியில் செய்திக்கு ஒரு சொல், கல்லறைக்கு ஒரு சொல். என் காதுக்கு இரண்டும் கொபோர்தான். முதல் எழுத்தில் கொஞ்சம் மூச்சு விட்டால் செய்தி. விடாவிட்டால் கல்லறை. அந்த மூச்சு நமக்குப் பிடிபடாது. நமக்கு ஒரே 'க'தான்.

கல்லறையை எப்படிக் கொண்டுபோவது என்று படகில் யோசித்தேன். போனில் எடுத்துப் போகலாம் என்று தோன்றியது. எந்தக் கல்லறை என்று அவர் சொல்லவில்லை. பார்க்க நன்றாக இருந்த ஒன்றை எடுத்தேன்.

சாயங்காலம் காட்டினேன். மாஷி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது யாரு?"

"தெரியாது மாஷி. நீங்கதானே கேட்டீங்க, கொபோர்."

"தூர், பாக்லி!" என்றார். அடி பைத்தியமே என்று அர்த்தம். "புதுப் பாதிரி எப்படி, யாருக்கு உடம்பு சரியில்லே, அதைக் கேட்டுட்டு வான்னேன். நீ செத்தவனைக் கூட்டிட்டு வந்திருக்கே. அதுவும் வெள்ளைக்காரனை."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு போனைத் திருப்பித் தரவில்லை. கல்லுக்குப் பின்னால் தெரிந்த புல்லையும் மதிலையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு இன்னொண்ணு கொண்டுவா," என்றார்.

அப்படிப் பழகிவிட்டது. வேலை முடிந்து திரும்பும்போது கொஞ்ச நேரம் உள்ளே போவேன். சமைக்கிற வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் கூப்பிடுவார்கள். படகில் இடிப்பார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. கோபுரம் மாதிரிக் கூம்பிய கல்லறைகள் உண்டு. மேஜை மாதிரித் தட்டையானவை உண்டு. நடுவே வழி என்று ஒன்றும் கிடையாது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு புல்லில் நடப்பேன். பிடித்திருந்தது. மாஷிக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். மாஷி ஒரு வாரம் மகன் வீட்டுக்குப் போனார். அந்த வாரமும் போனேன்.

வீட்டில் பேச்சு வந்தது.

"சுடுகாட்டுக்குப் போயிட்டுக் குளிக்காம உள்ள வாரியேட்டி," என்றார் என் வீட்டுக்காரர்.

"சுடுகாடு இல்ல. சர்ச்சுத் தோட்டம். ஆடு மேயுது."

"ஆடு மேஞ்சா சுடுகாடு இல்லன்னு ஆயிருமா?"

"நான் கல்லைத்தான் போட்டோ எடுத்தேன்."

"கல்லுல பேரு இருக்கும்லா. பேரை வீட்டுக்குக் கொண்டாந்தா ஆளையே கூட்டிட்டு வந்த மாதிரி."

"வரட்டும். ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகட்டும்."

"நீ போடுத காப்பியக் குடிச்சா அவன் திரும்பவும் செத்துருவான்."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வாசலிலேயே கால் கழுவ வேண்டும். போட்டோவில் பேர் இருக்கக் கூடாது. எனக்குத்தான் இங்கிலீஷ் படிக்கத் தெரியாதே என்றேன். உனக்குத் தெரியாட்டாலும் பேர் பேர்தான் என்றார். சரி என்றேன். அதன் பிறகு கல்லின் பின்பக்கத்தை மட்டும் எடுத்தேன்.

முன்பக்கத்தை வழவழப்பாகத் தேய்த்திருப்பார்கள். பின்பக்கத்தில் உளி போன தடம் அப்படியே இருக்கும், புதிதாகக் கொத்தின அம்மி மாதிரி. சில கல்லில் கோடு வலது பக்கம் சாயும், சில கல்லில் இடது பக்கம். கொத்தினவன் எந்தக் கைக்காரன் என்று தெரியும். மழை வடிந்த கறுப்பு. பாசி. நத்தை போன வெள்ளிக் கோடு. எறும்பு கட்டிய மண். ஒரு கல்லின் தோளில் தோட்டக்காரரின் பனியன் காயும். அதையும் சேர்த்து எடுப்பேன். வெயில் சாய்ந்த பிறகு எடுத்தால் பள்ளம் மேடு எல்லாம் விழும்.

தோட்டக்காரர் ஒடியாக்காரர். கொஞ்ச நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"எல்லாரும் மூஞ்சியைத்தான் எடுப்பாங்க. நீங்க முதுகை எடுக்கறீங்க. முதுகு டாக்டரா, திதி?" திதி என்றால் அக்கா.

"ஆமா. உங்களுக்கு வலிச்சாச் சொல்லுங்க."

"எனக்கு வலிக்குது. இவங்க யாரும் வலிக்குதுன்னு சொன்னதில்லே."

ஒரு மழைக்காலத்தில் சந்துப் பக்கத்து மதில் சாய்ந்தது. புது மதிலுக்கு அஸ்திவாரம் அகலமாகத் தோண்ட வேண்டும் என்றார்கள். மதிலை ஒட்டினாற்போல் கல் இல்லாத குழிகள் இருந்தன. கல் வைக்க வசதி இல்லாதவர்கள் புதைத்தவை. மேலே வெறும் புல். சொந்தக்காரர்கள் துர்கா பூஜைக்கு முன்னால் வந்து இடத்தைக் காட்டினால் அந்த இடத்தை விட்டுக் கட்டுவோம் என்று பாதிரியார் சர்ச்சில் சொல்லியிருந்தார்.

"காட்டலேன்னா?" என்று தோட்டக்காரரிடம் கேட்டேன்.

"தோண்டற மண்ணு லாரியில போகும். மண்ணுல இருக்கறதும் போகும்."

அன்று மாஷிக்கு நான் கொண்டுபோனது செய்திதான். அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் அதை வெளியே எடுக்கவில்லை. உள்ளேயே கரைந்து விழுந்தது.

"பௌமா, என் பொண்ணு அங்கே இருக்கா."

முதல் குழந்தை. நோஞ்சானாகப் பிறந்தது. அது போன அன்று மாஷி ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தார். கணவர் கையில் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். அப்புறம் ஒரே ஒரு தடவை அவரைக் கூட்டிப்போய்க் காட்டினார். மகன் பிறந்ததும் மாமியார், இனி அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாமியார் செத்த பிறகு போயிருக்கலாம். தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போயிருக்கிறார். பின்பக்கம் போனதே இல்லை.

"இடம் தெரியுமா, மாஷி?"

"மதிலோரம். நாலு செங்கல் நட்டு வச்சிருந்தார். இப்போ இருக்காது."

"வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?"

டீயைத் தள்ளி வைத்தார்.

"நிக்க முடியலே. முன்னால ஒரு பெரிய கல்லு. அதுமேல கையை வச்சுக்கிட்டேன். கல்லோட முதுகு என் பக்கம். அதுல எழுத்து இருந்தது. அவர் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். 'பாரு, இவனும் என்னை மாதிரி ஃபெயில் ஆனவன். தப்பா எழுதிட்டான், திருப்பிப் போட்டு மறுபக்கம் எழுதியிருக்கான்'னார்."

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன். அதுதான் மறக்கலே."

நான் போனை எடுத்தேன். இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும் எனக்குத் தெரியும், பஸ் போர்டு பார்த்துப் பழகினது. எனக்கே தப்பு என்று தெரிந்த ஒரு எழுத்தை எங்கேயோ எடுத்திருந்தேன். 'எஸ்' எழுத்து. வளைவு பக்கம் மாறிப் போயிருந்தது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. அந்த எழுத்தோடு உளி நின்றுவிட்டது. போன வருஷத்து மழைக்கு முன்னால் எடுத்தது. தள்ளித் தள்ளிக் கண்டுபிடித்தேன்.

மாஷி பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாக.

கல் கிடைத்ததே தவிர அது எங்கே நிற்கிறது என்று எனக்கு நினைவில்லை. எல்லா முதுகும் ஒன்று போல. முன்பக்கம் எடுத்திருந்தால் பேரைச் சொல்லிக் கேட்கலாம். எடுக்கவில்லை. ஆனால் நான் நடக்கிற வரிசையில் எடுப்பவள். அந்தப் படத்துக்கு முந்தின படத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. அடுத்த படத்தில் சாய்ந்த சிலுவை. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

மறுநாள் போனபோது குழாய்க்கும் சிலுவைக்கும் நடுவில் ஒரே கொடி. மழையில் மூடியிருந்தது. தோட்டக்காரர் அரிவாள் கொண்டுவந்தார். முதல் கல் வெறும் கல். அடுத்ததும் வெறும் கல். மூன்றாவதில் கொடி முள்ளாக இருந்தது. இழுத்தபோது என் கை கிழிந்தது. பாசியை உள்ளங்கையால் தேய்த்தேன். பள்ளம் தட்டுப்பட்டது. பக்கம் மாறின 'எஸ்'.

"இதா, டாக்டர் திதி?" என்றார்.

"இதுதான்."

அங்கிருந்து மதில் வரை பாய் விரிக்கிற இடம்தான் இருந்தது. ஆனால் வரிசையாக எத்தனையோ பேர் அந்தப் புல்லுக்கடியில். மாஷி வந்து காட்ட வேண்டும்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மோர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அந்த அம்மாவை எப்படிட்டி கூட்டிட்டுப் போவே? படகுல ஏத்த முடியாதுல்லா."

"தெரியல."

"டாக்ஸிக்கு நான் சொல்லுதேன். மருந்துக்கடைக்காரன்ட்ட சக்கர நாற்காலி கெடக்கு. கேட்டா தருவான்."

"நீங்க வருவீங்களா?"

"கேட் வரைக்கும் வாரேன்."

அப்படித்தான் அன்று போனோம். பாலம் ஏறி இறங்கும் வரை மாஷி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். வெளுத்த புடவை கட்டியிருந்தார், பெட்டியில் மடித்து வைத்த வாசம். மழை தூறியது. பாதிரியார் குடை பிடித்தார். பாதி வழியில் நாற்காலியின் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. தோட்டக்காரரும் டாக்ஸிக்காரரும் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் தூக்கினால் மறு பக்கம் அமுங்கியது. மாஷி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விட்டுடுங்க, போதும்," என்றார்.

நான் கேட் பக்கம் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நீங்க பின்னாடி பிடிங்க, தாதா. நான் இந்தப் பக்கம். ஒரே தம்மு," என்றார், தோட்டக்காரரை அண்ணன் முறை வைத்து.

மூன்று பேரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கல்லுக்குப் பின்னால் வைத்தார்கள். மாஷி கையை நீட்டினார். கல் எட்டவில்லை.

"கொஞ்சம் முன்னால," என்றார்.

நகர்த்தினார்கள். கை எழுத்துக்கு இந்தப் பக்கம் பட்டது. தலையை ஆட்டினார். இல்லை.

"இன்னும் அந்தப் பக்கம்."

நகர்த்தினார்கள். இந்தத் தடவை விரல்கள் எழுத்தின் மேலேயே விழுந்தன. கையை எடுக்காமல் குனிந்து காலடியில் பார்த்தார்.

"அவர் எனக்கு இடது பக்கம் நின்னார். அவ எங்க காலடியில. இங்கே. இங்கேதான்."

தோட்டக்காரர் நாலு மூலையிலும் மூங்கில் முளை அடித்துக் கயிறு கட்டினார். சின்ன இடம். ஆடு வந்தது. என் வீட்டுக்காரர் அதை விரட்டினார்.

பாதிரியார் குனிந்து கேட்டார். "மதில் இதை விட்டுத்தான் போகும், மாஷி. சின்னதா ஒரு சிமெண்டுப் பலகை வச்சிடலாம். என்ன பேர் எழுதணும்?"

"பேர் வைக்கலே. குக்கின்னு கூப்பிட்டோம். எல்லாப் பெண் குழந்தையையும் அப்படித்தானே கூப்பிடுவாங்க."

"தேதி?"

"தேதி வேண்டாம். எத்தனை நாள் இருந்தாள்னு மட்டும் போடுங்க."

பாதிரியார் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேனா எடுத்தார். எத்தனை நாள் என்று கேட்டார். மாஷி விரல் மடக்கி எண்ணவில்லை.

பதினொரு நாள்.