கடைசிச் சொல்லைக் கேட்காமல் ஓடினேன்

யுத்தகாலத்தில் இடமாற்றம் கிடைத்துக் கண்டிக்கு வந்த யாழ்ப்பாணத்தவன் நான். கட்டுகஸ்தோட்டையில், ஞாயிறு காலைகளில் மலைப்பாதைகளில் ஓடும் ஒரு குழுவில் சேர்ந்தேன். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் குழுவிலிருந்த சுனில் "துவன்ன, துவன்ன!" என்று உற்சாகப்படுத்துவார். சிங்களத்தில் ஓடு என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சிங்களமே அவ்வளவுதான்.

ஒருநாள் தேயிலைத் தோட்டத்தால் இறங்கும்போது நான்தான் முன்னால். வளைவில் புதிதாக ஒரு காவலரண். சிப்பாய் "துவன்ன எப்பா!" என்று கத்தினான். முதற்சொல்தான் என் காதில் ஏறியது. இவனும் உற்சாகப்படுத்துகிறானாக்கும் என்று வேகத்தைக் கூட்டினேன். துப்பாக்கி என் பக்கம் திரும்பியது.

"நில்லுங்க! ஓட வாணாமாம்!" என்று பின்னால் ஓடிவந்த எங்கள் குழுவின் நஸார் அலறினார். விறைத்து நின்றேன். கடைசியில் வந்த "எப்பா" என்றால் வேண்டாம் என்று பிறகுதான் தெரிந்தது. சுனில் கைகளை உயர்த்தியபடி வந்து, எனக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நின்று, நான் தங்கள் குழுவின் ஆள் என்று சிங்களத்தில் சொன்னாராம். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்கள். துப்பாக்கி தாழ்ந்தது. எப்பேர்ப்பட்ட மனிதர்கள்!

இப்போதெல்லாம் யார் சிங்களத்தில் பேசினாலும் கடைசிச் சொல் வரும்வரை நான் காலெடுத்து வைப்பதில்லை. சுனிலும் மாறிவிட்டார். ஏற்றம் வந்தால், என்னிடம் கேட்டுப் பழகிய தமிழில் கத்துகிறார்: "ஓடுங்கோ, ஓடுங்கோ!"