அண்ணா வேலை செய்த ஆங்கிலேய பப்

எங்கள் அண்ணா எங்கே வேலை செய்தார் என்பதை அவருடைய இந்த நினைவு மலரிலாவது நான் மறைக்காமல் எழுத வேண்டும்.

பருத்தித்துறையில் பிறந்து, எண்பதுகளில் அகதியாக ஜேர்மனிக்கு வந்தவர் அவர். பிரித்தானியப் படைமுகாம் இருந்த சிறு நகரொன்றில், ஆங்கிலேய பப் ஒன்றில் முதலில் பாத்திரம் கழுவினார். பிறகு பதினெட்டு ஆண்டுகள் கவுண்டரில் நின்றார். ஒருநாளும் குடித்ததில்லை.

"அது வெறும் குடிக்கிற இடமில்லை, தங்கச்சி. மேசைக்கு ஒருத்தரும் கொண்டுபோய்க் குடுக்கமாட்டினம். ஒஃபிசரும் எழும்பி வரவேணும், குழாய் திருத்திறவரும் எழும்பி வரவேணும். பக்கத்திலை நிக்கிற ஆளோடை கதைக்காமல் இருக்க ஏலாது," என்பார். இந்த ஊரில் தன் பெயரை முதலில் கேட்டவர்கள் அவர்கள்தான் என்றும் சொல்வார்.

ஈராக்குக்குப் புறப்பட்ட படையினர் அங்கே கூடி விடைபெற்றார்கள். திரும்பி வராத இருவரின் படங்களை அண்ணாதான் சுவரில் மாட்டினார். இராணுவத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்தவர், அந்தப் பிள்ளைகளுக்காக அழுதார்.

நாங்களோ வெட்கப்பட்டோம். அவருக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் அந்த வேலையால் குழம்பின. என் திருமணப் பேச்சில், "அண்ணா ஃபப்ரிக்கிலை வேலை," என்று, ஏதோ தொழிற்சாலையில் இருப்பவர்போல மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னேன். அண்ணா என் பக்கத்தில்தான் நின்றார்.

புகைக்காத அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. மற்றவர்களின் புகைக்குள் நின்ற ஆண்டுகள் காரணமாக இருக்கலாம் என்றார் வைத்தியர்.

"அப்பவே விட்டிருக்கலாமே, அண்ணா?" என்று அழுதேன்.

"விட்டிட்டு ஆரிட்டைப் போறது?" என்றார்.

கடைசி ஆறு வாரங்களில், வேலை, தவறவிட முடியாத ரேர்மின் சந்திப்புகள் என்று சாட்டுச் சொல்லி, அவரைப் பார்க்க நான் நான்கு முறைதான் போனேன். பப்புக்கு வருபவர்கள் முறைவைத்து நாள்தோறும் வந்தார்கள். அண்ணாவின் மூச்சு அடங்கிய பிற்பகலில் அவர் கையைப் பிடித்திருந்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயப் படைவீரர். பிந்தி வந்த எனக்குத் தன் கதிரையை விட்டெழுந்து, ஜேர்மன் மொழியில் கேட்டார்: "நீங்கள் தங்கைதானே? பிள்ளைகளுக்குச் சுகமாகிவிட்டதா?"

என் பிள்ளைகளுக்கு ஒரு நோய் வருத்தமும் இருக்கவில்லை. நான் வராததற்கு அண்ணா அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார். "ஓம், சுகம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

இறுதிக்கிரியைகளில் தோள்கொடுத்தோர், சமைத்துத் தந்தோர், தூர இடங்களிலிருந்து வந்தோர் அனைவருக்கும் எங்கள் நன்றி. அண்ணாவின் கையைப் பிடித்திருந்த அந்தப் பெரியவருக்கு இம்மலரை வாசிக்கத் தெரியாது. இதை ஜேர்மன் மொழியில் எழுதி எடுத்துக்கொண்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் முதன்முறையாக அந்த பப்புக்குப் போகிறேன். பிள்ளைகளைப் பற்றிய உண்மையையும் எழுதியிருக்கிறேன்.

தங்கை