மோட்டார் ரூம் முனி

என் வீட்டுக்காரரை முனி அடித்துவிட்டது என்றுதான் ஊரில் பேச்சு. திருவேங்கடம் ரோட்டில் எங்கள் கரிசல் காட்டில், கிணற்றடி மோட்டார் ரூமில், உச்சி வேளையில் விழுந்து கிடந்தார். உச்சி வேளையில் தனியாகப் போன ஆம்பளை மல்லாந்து கிடந்தால் எங்கள் பக்கம் வேறு காரணம் தேட மாட்டார்கள். முதலில் அப்படிச் சொன்னவன் என் தம்பி. போலீஸ், ஆஸ்பத்திரி என்று போனால் உடம்பைக் கிழித்துத்தான் கொடுப்பார்கள், வேண்டாம் யக்கா என்றான். பொழுது அடைவதற்குள் எடுத்துவிட்டோம்.

அதிலிருந்து வருசா வருசம் மாசியில் அந்த ரூமுக்குச் சேவலும் சுருட்டும் வைத்துப் படைத்தேன். மோட்டாருக்குப் புது ஸ்டார்ட்டர் மாட்டினபோதுகூடப் பழைய பெட்டியைத் தூக்கிப் போட மனசில்லை. மூலையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, அதையே முனி என்று கும்பிட்டேன். சேவலைத் தம்பி கொண்டுவருவான். ஒரு வருசம்கூடத் தவறியதில்லை. பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான்.

என் மகள் காலம் போன காலத்தில் பிறந்தவள். அப்பா போகும்போது எட்டாம் வகுப்பு. பிறகு கரண்டு இஞ்சினியருக்குப் படித்தாள். படிக்கிற காலத்தில் ஒரு லீவுக்கு வந்தவள் மோட்டார் ரூமுக்குள் போய் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே நின்றுகொண்டே, “யம்மா, இதுக்கு எர்த்து எங்க?” என்று கேட்டாள். இரும்புப் பெட்டியில் கரண்டு கசிந்தால் ஆளை அடிக்காமல் மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கம்பிக்கு எர்த்து என்று பேராம். குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி அதைப் புதைக்க வேண்டுமாம். முனி நிற்கிற இடத்தில் என்ன கேள்வி இது என்று கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் வயிற்றில் இஞ்சினியர் பிறந்திருக்கிறாள் என்று எனக்கு ஒரு மிதப்பு. சங்கரன்கோவில் ரத வீதியில் நான் நடக்கிற நடையே மாறிப்போனது. மாறினால் என்ன? ஒத்தையில் நின்று கரிசலை உழுது படிக்க வைத்தவள் நான்.

அந்த நடைக்கு வந்தது கேடு, ஒரு பொங்கலுக்கு அவள் வந்திருந்தபோது. லீவு முடிந்து திறந்த அன்றைக்கு, அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். மின்சாரம் என்றால் என்ன என்று கேட்டாளாம். பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கிறதை மூச்சு விடாமல் ஒப்பித்தார்களாம். சரி, இந்தா பேட்டரி, இந்தா வயரு, இந்தப் பல்பை எரிய வையுங்க என்றால் ஒரு பிள்ளையும் முன்னால் வரவில்லையாம். தொட்டால் செத்துப் போவோம் டீச்சர் என்று ஒரு பிள்ளை பின்னால் நகர்ந்ததாம். வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு மாசம் ஒரு தடவை பெட்டி நிறைய வயரும் பல்பும் காந்தமும் வாங்கிக்கொண்டு வந்தாள். பிறகு வாரம் தவறாமல் வந்தாள். கடைசியில் கம்பெனியை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றாள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாய்ப் போய், பிள்ளைகளையே கையால் செய்து பார்க்க வைத்து அறிவியல் சொல்லிக் கொடுக்கிற ஒரு சின்னக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாளாம். ராயகிரியில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் தாயார் வந்து, “இஞ்சினியருன்னு சொன்னீங்க, பொண்ணு ஊரூராப் போயி வித்தை காட்டுதாளாமே” என்று கேட்டுவிட்டு, கொடுத்த காப்பியைப் பாதி வைத்துவிட்டு எழுந்து போனாள். பக்கத்து வீட்டுக்காரி, பெட்டி இருக்கு, குரங்கு ஒன்றுதான் குறைச்சல் என்று சிரித்தாள். நான் மகளோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டேன். அவள் பாட்டுக்குக் காலையில் பெட்டியை வண்டியில் கட்டுவாள், போவாள்.

போன ஆனியில் எங்கள் காட்டை ஒட்டின ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். என் தம்பி குடியிருக்கிற ஊர். தகர டப்பாவையும் பேட்டரியையும் வைத்து, எர்த்துக் கம்பி இருந்தால் கரண்டு எந்த வழியாகப் போகும், இல்லாவிட்டால் எந்த வழியாகப் போகும் என்று பல்பை எரிய வைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அப்போது ஒரு பிள்ளை எழுந்து, மோட்டார் ரூமில் முனி இருக்கிறது, உச்சிக்குப் போகக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள் என்றதாம். எங்க அப்பாவையும் முனி அடிச்சிட்டுன்னுதான் சொன்னாங்க, ஆனா அடிச்சது முனி இல்லை, கரண்டு. அங்கே எர்த்து வைக்கவே இல்லை என்று இவள் சொல்லிவிட்டாள்.

வயர் இழுத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அப்போது அந்த வட்டாரத்தில் மோட்டாருக்கு வயர் இழுக்கத் தெரிந்தவன் என் தம்பி ஒருவன்தான். அவன் பேத்தி அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் மகள் கிளம்பிப் போன பிறகு தம்பி வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான்.

“யக்கா, பச்சப்புள்ள என் மூஞ்சியப் பாத்து, நீங்க ஏன் தாத்தா எர்த்து வைக்கலன்னு கேக்கா. ஒன் மவ என்னைக் கொலகாரன் ஆக்கிட்டா.”

அவள் உன் பேரைச் சொல்லவில்லையே என்றேன். அதெல்லாம் எனக்குத் தெரியாது, அதே வகுப்புக்குத் திரும்பிப் போய், நான் சொன்னது தப்பு, அது முனிதான் என்று பிள்ளைகளிடம் அவள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றான்.

அடுப்பில் பால் வைத்திருந்தேன். மகளை நாலு ஏச்சு ஏசியாவது சொல்ல வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கு இருப்பது ஒரு தம்பி. ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை.

“இத்தன வருசமும் சேவல் கொண்டாந்தேனே, அதுக்காவது ஒரு மருவாதி வேண்டாமா?”

சேவல் என்றதும் எனக்கு அந்த உச்சி வேளை வந்துவிட்டது. நான் கஞ்சி வாளியோடு வரப்பில் ஓடி வருகிறேன். எனக்கு முன்னால் ஓடுகிறவன் இவன். என் வீட்டுக்காரர் கீழே கிடக்கிறார். இவன் அவரைத் தூக்கவில்லை. தாண்டிப் போய்ச் சுவரில் கையை வைத்தான். அதற்குப் பிறகுதான் குனிந்தான்.

“ஏலே, அன்னைக்கு மச்சானைத் தொடுறதுக்கு முன்ன நீ பியூஸ் கட்டையத்தானல பிடுங்குன. முனிக்கு எதுக்குல பியூஸ் கட்டை?”

உள்ளே பால் பொங்கித் தீய்கிற வாடை வந்தது. அவன் படி இறங்கிப் போனான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவன் குடும்பம் எப்போதும் எங்கள் வீட்டில்தான் தங்கும். இந்தத் தடவையும் பாயெல்லாம் உதறிப் போட்டுவைத்தேன். யாரும் வரவில்லை. தெற்கு ரத வீதிக் கூட்டத்தில் அவன் பெஞ்சாதியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு சப்பரத்தைப் பார்க்கிறவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது கழிந்து, எங்கள் காட்டில் ஆடு மேய்க்கிறவர் வந்து ஒரு சேதி சொன்னார். உங்க தம்பி அவரு கிணத்து மோட்டாருக்குக் குழி தோண்டி உப்பும் கரியுமாக் கொட்டுதாரு, பேத்தி பக்கத்தில் நின்று வேலை வாங்குது என்றார். கேட்டுக்கொண்டிருந்த மகளுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோனது. “அது போதும்மா” என்றாள்.

அவளுக்குப் போதும். அரை நாள் வேலை அது. என் காட்டில் அன்றைக்கே அந்தக் குழியைத் தோண்டியிருந்தால் என் வீட்டுக்காரர் இன்றைக்குத் தபசு பார்த்திருப்பார். முனி என்றால் ஒரு சேவலோடு தீர்ந்துபோகும். தம்பியை நான் என்ன செய்ய?

மறுநாள் மகள் வண்டியில் ஏறிக் காட்டுக்குப் போனேன். மூலையில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியை எடுத்து, சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். அடியில் வெறும் துரு.

“பள்ளிக்கூடத்துக்கு இதையும் கொண்டுபோ. சொல்லுததாயிருந்தா பாதியில நிறுத்தாத. வயர் இழுத்தது ஆருன்னும் சேத்துச் சொல்லு.”

“அது பாடம் இல்லம்மா” என்றாள். பெட்டியை வாங்கிப் பின்சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினாள். எனக்கு உட்கார இடமில்லை. நான் டவுன் பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்றேன்.

மாசி வந்தால் சேவல் கொண்டுவர ஆள் இல்லை. கொண்டுவந்தாலும் அந்த மூலையில் கும்பிட ஒன்றும் இல்லை.