அத்தைக்கு ஒரு வட்டம் இல்லை

அந்த இணையதளத்தில் பெயர்ப் பட்டியலைப் பார்க்க வேண்டுமானால் முதலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்ய வேண்டுமானால் குழந்தைக்கு நீங்கள் யார் என்று சொல்ல வேண்டும். தாய், தந்தை என்று இரண்டே வட்டங்கள் இருந்தன. பிறக்கப்போவதோ என் தம்பியின் குழந்தை. தந்தை என்று பொய் சொல்வதைவிடத் தாய் என்று சொல்வது மேல் என்று நினைத்து அந்த வட்டத்தில் க்ளிக் செய்தேன். பிரசவ தேதி கேட்டது. தம்பி மனைவிக்கு டாக்டர் சொன்ன தேதியைக் கொடுத்தேன்.

இது இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பித் தொழிற்சாலை அலுவலகத்தில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் எங்கள் உறவில் யாருமில்லை.

“அக்கா, உங்க ஆபீஸ்ல நெட்டு கீதே. நல்ல அர்த்தமா ஒரு பேரு பாரேன்” என்று வேப்பம்பட்டிலிருந்து தம்பி போன் செய்தான். அத்தை என்கிற முறையில் அது என் வேலைதானே என்று எனக்கும் பெருமையாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில்தான் தேடுவேன். டெலிபோன் லைனில் வருகிற நெட். நான் உள்ளே போனால் வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. “இன்னாம்மா, லைனு எப்ப பாத்தாலும் எங்கேஜாவே கீது?” என்று மேனேஜர் எட்டிப் பார்ப்பார். “மெயில் சார்” என்பேன். பெயர்களில் பாதிக்குத் தாமரை என்று அர்த்தம் போட்டிருக்கும், மீதிக்கு நிலா. பெண் பிள்ளை என்றால் இந்த இரண்டைத் தவிர வேறு எதுவாகவும் இருக்கக் கூடாது போலிருக்கிறது. ஆண் பிள்ளைகள் எல்லாரும் ஏதாவது ஒன்றை வென்றவர்களாக இருந்தார்கள்.

பதிவு செய்த அடுத்த வாரம் எனக்கு ஒரு மெயில் வந்தது. ‘வாழ்த்துகள். உங்கள் குழந்தை இப்போது ஒரு எலுமிச்சம்பழம் அளவு இருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை படித்தேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்டவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, கேட்காமலே பார்க்க ஆரம்பித்திருந்த காலம். டாக்டர்களும் போதும், கோயில்களும் போதும் என்று என் கணவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது என்மேல் இரக்கப்பட்டுத்தான். ஆனால் எனக்குப் போதவில்லை. குழந்தை வேண்டும் என்று இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத அளவுக்கு வேண்டும் என்று இருந்தது.

அதற்குப் பிறகு மெயில் வருகிற நாளில் அலுவலகத்துக்குச் சீக்கிரமே போய்விடுவேன். எலுமிச்சம்பழம் ஆரஞ்சு ஆனது, ஆரஞ்சு மாம்பழம் ஆனது. இந்த வாரம் அது உங்கள் குரலைக் கேட்கும் என்று ஒரு மெயில் சொன்னது. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று இன்னொன்று சொன்னது. நான் குடித்தேன். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, என்ன செய்வது, குடித்தேன். மறக்காமல் தம்பி மனைவிக்கும் போன் செய்து, “தண்ணி நல்லா குடிக்கிறியாம்மா?” என்று கேட்டேன்.

பிடித்த பெயர்களையெல்லாம் தம்பிக்கு அவ்வப்போது சொல்லிவந்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அது தாமரையும் இல்லை, நிலாவும் இல்லை. அர்த்தத்தை இங்கே சொன்னால் பெயரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் சொல்லப்போவதில்லை. படித்ததுமே இது என் பிள்ளைக்கு என்று தோன்றிவிட்டது. எந்தப் பிள்ளைக்கு என்று மனசு கேட்கவே இல்லை.

திருவள்ளூரில் தாய்வீட்டில் இருந்தபோது தம்பி மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜோசியர் நட்சத்திரம் பார்த்து ஓர் எழுத்து சொன்னார். நான் சொல்லியிருந்த பெயர்களில் அந்த எழுத்துக்குப் பொருந்தி வந்த ஒன்றை வைப்பதென்று முடிவானது. நான் ஒளித்துவைத்த பெயருக்கு அந்த எழுத்து இல்லை. அப்பாடா என்றிருந்தது.

பெயர் வைக்கிற அன்று மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், வண்டி மாறித் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம். தொட்டில் தயாராக இருந்தது. அத்தைதான் குழந்தையை மடியில் வைத்து, காதில் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் உட்காரப் போனேன். தம்பியின் மாமியார் என்னைப் பார்க்காமல் தன் பெண்ணிடம் பேசினார்.

“அத்த மொறதான், இல்லன்னு சொல்லல. புள்ள பெத்தவங்க யார்னா கூப்ட்டா நல்லாருக்குமேன்னு பாக்கறேன்.”

என் கணவர் செருப்பைத் தேடுவதுபோல வாசல் பக்கம் போனார். நான் எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் தம்பி மனைவி குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டாள்.

“இத்தினி மாசமா பேரு தேடிக்கினு இருந்தது யாரும்மா? அண்ணிதான் கூப்டணும். நீங்க கூப்டுங்க அண்ணி.”

வசம்பும் பாலும் கலந்த வாசனை. காது என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு குனிந்தேன். குழந்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. நான் கூப்பிட்டேன். பிறகு தலைப்பை விலக்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மூன்று முறை கூப்பிட்டேன்.

“மூணு வாட்டிதானே? நாலு வாட்டி கூப்ட்டாப்ல கீது?” என்றார் தம்பியின் மாமியார்.

“இருக்கட்டும்மா, அண்ணிக்கு ஆச” என்றாள் தம்பி மனைவி.

தலைப்புக்குள் சொன்ன அந்த முதல் பெயரை வேறொரு காதில் சொல்ல எனக்கு வாய்க்கவே இல்லை.