அன்றைக்கு ஒரு நாள் மட்டும்

செல்லூர் விசைத்தறிக் கூடம் ஒன்றில் நூல் சுற்றும் தாமரைச்செல்விக்கு முப்பத்துமூன்று வயது. மகள் சரண்யாதேவிக்குப் பதினொன்று. பிறந்தபோது மூச்சுத் திணறி மூளை பாதித்ததில் மகளுக்குக் கால் நிற்காது. பேச்சு நன்றாக வரும். குளிக்க, கக்கூஸ் போக, பள்ளிக்கூட ஆட்டோவில் ஏற எல்லாவற்றுக்கும் அம்மாதான் தூக்க வேண்டும்.

அப்படியிருக்கையில்தான் நாள் தள்ளிப்போனது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல், ஓடியாடும் ஒரு பிள்ளையை நினைத்துப் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மகளைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரில் சாய்ந்து நின்றாள். எட்டாம் மாதத்தில் இவளை யார் தூக்குவது?

புருஷன் பாண்டிராஜ் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வெளியூர். “ஒனக்கு எது தோதோ அதைச் செய்யி,” என்றான். கலைக்க வேண்டாமென்று அவன் சொல்லியிருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தன்மையாகத்தான் பேசினார். ஏழு வாரம்தான், மாத்திரையிலேயே கலைத்துவிடலாம். முதல் மாத்திரை இங்கே, மற்றவை இரண்டு நாள் கழித்து வீட்டில். “வீட்லன்னா யாருக்கும் தெரியாது, ஒனக்கும் வசதி.”

“இங்கயே படுத்துக்கிரட்டுமாம்மா? அன்னைக்கு ஒரு நாளு மட்டும்.”

“பெட்டு இல்லம்மா,” என்றாள் நர்ஸ். “பிரசவத்துக்கு வாரவங்களே தரையில கெடக்காங்க.”

ஏதோ ஆபரேஷன் என்று சொல்லி மேலூரிலிருந்து அம்மாவை மகளுக்குத் துணையாக வரவழைக்கலாம் என்றிருந்தாள். வீட்டிலேயே என்றால் அம்மாவிடம் எப்படி மறைப்பது? கூப்பிடவில்லை.

சனிக்கிழமை. பாண்டிராஜ் கோயம்புத்தூரில் இருந்தான். காலையில் மாத்திரை போட்டவளுக்கு மதியத்துக்குள் அடிவயிறு முறுக்கிப் பிழிந்தது. பாயில் சுருண்டு கிடந்தாள்.

“அம்மா, ஒண்ணுக்கு வருது.”

“செத்த பொறுத்துக்கடா.”

பிள்ளை பொறுத்தது. பிறகு மெல்ல அழுதது. “அம்மா, நனைஞ்சிருச்சும்மா.”

எழுந்து தூக்கினாள். தூக்கிய வேகத்தில் சூடாக ஏதோ நழுவி இறங்கியது. எது போகிறதென்று தெரிந்தது. மகளைக் கீழே விடவில்லை. கழுவி, உடை மாற்றி, படுக்கவைத்த பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

“ஏம்மா அழுகுற? நான் நனைச்சதுக்கா?”

“இல்லடா,” என்றாள்.

ஊரிலிருந்து வந்த பாண்டிராஜ், “சரியாயிருச்சா?” என்று கேட்டான். “ஆயிருச்சு,” என்றாள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, வயிறு சுத்தமாக இருக்கிறது, பிரச்சினையில்லை என்றார். “வேற எதுவும் சொல்லணுமா?”

“இனிமே யாரையும் வீட்டுக்கு அனுப்புறதுக்கு முந்தி, கூட ஆள் இருக்கான்னு கேட்டுக்கங்கம்மா.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. “ஒனக்கு யாரு இருந்தா?”

“என் மக இருந்தா.”

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நடந்ததை அன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னாள் தாமரைச்செல்வி. பாதி சொல்வதற்குள் மணி மூன்றரை ஆகிவிட்டது. பள்ளிக்கூட ஆட்டோ வரும் நேரம் என்று எழுந்துகொண்டாள்.